மாத்திரை சாப்பிடுகிறவளின் புகார்

எங்கள் வீட்டில் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர், நானும் என் தம்பியும். செங்கல்பட்டில் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. வியாதியின் பெயர்தான் வேறு. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவனுக்கு வந்தது 'வேலை டென்ஷன்'. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கு வந்தது 'திமிர்'.

திமிருக்கு வைத்தியம் என் கணவர் கையிலேயே இருந்தது. நான் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடக்கும் நாட்களில் அடி விழும். கன்னம் வீங்கிப் பிறந்த வீட்டுக்குப் போனால், அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே விசாரணையை ஆரம்பிப்பாள். "நீ இன்னா பண்ண?" யார் அடித்தது என்று கேட்கமாட்டாள். தெரிந்ததைக் கேட்டு நேரத்தை வீணாக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

போன வருஷம் தம்பிக்கும் அடி விழுந்தது. வேலைக்குப் போக மனசில்லாமல் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லத் தோன்றாமல் திருதிருவென்று விழித்திருக்கிறான். செல்போன் திருடன் என்று முடிவுகட்டி, நாலைந்து பேர் மூக்கை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாவம், ஆண்பிள்ளை அடி வாங்க வெளியே போகவேண்டியிருக்கிறது. எனக்கு அந்த அலைச்சல்கூட இல்லை.

அன்று எங்கள் குடும்பத்துக்கு வந்த ரோஷத்தைப் பார்க்கவேண்டும். மாமல்லபுரத்திலிருந்து பெரியப்பா ஓடிவந்தார். "யாரு அடிச்சது?" என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கொதித்தவர் என் கணவர்.

"என் மச்சான் மேலயே கை வெச்சிட்டானுங்களா? வுடக்கூடாது," என்று எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளப்பினார். அந்த வாரம்தான் என்னைக் காதோடு சேர்த்து அறைந்திருந்தார். அதனால் அவர் வீரவசனம் எனக்குப் பாதிதான் கேட்டது.

வழியெல்லாம் அம்மா தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மாத்திர சாப்புடறத மட்டும் சொல்லிடாதடா நைனா. அப்புறம் நம்பமாட்டாங்க." அம்மாவுக்கு உலகம் தெரியும்.

ஏட்டு மரியாதையாகவே விசாரித்தார். "அடிச்சவன் யாருன்னு தெரியுமாப்பா?" தம்பி தெரியாது என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

"என்ன அடிச்சவர எனக்குத் தெரியும் சார்," என்றேன். "தோ, இவருதான். ஒரு காது சரியா கேக்கல. எழுதிக்கங்க."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். கணவர் சிரித்தார்.

"மனசு சரியில்லாதவ சார். மாத்திர சாப்புடறா. அவளே எங்கியாவது இடிச்சிக்கினு என் பேர சொல்லுவா."

"ஓ, அப்படியா," என்று ஏட்டு நிம்மதியாகத் தம்பியின் புகாருக்கே திரும்பினார். சொல்லியாகிவிட்டது, யாரும் நம்பவில்லை, இனி இந்த மனுஷனோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

மூக்குக் கட்டோடு தம்பி பேசினான். "நானும் அதே மாத்திரதான் சார் சாப்புடறேன். என் மூக்கையும் நானே இடிச்சிக்கினேன்னு எழுதிக்கங்க."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஏட்டு பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒக்காந்து சொல்லும்மா."

ஏட்டுக்கு எதிரே இருந்த ஒரே நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.