படம் இல்லாத நம்பர்

செங்கமலத்தின் போனில் பெயர்கள் கிடையாது, படங்கள்தான். மகள் சத்யா கூப்பிட்டால் கனகாம்பரம் வரும். மருமகன் பிரேம்குமாருக்கு டிராக்டர். எனக்கு என் வெள்ளாடு. என் முகத்தையே வைக்கச் சொன்னேன், ஆடுதான் தெளிவாகத் தெரிகிறது என்றாள். எழுத்து தெரியாத எங்களுக்காக சத்யா செய்துகொடுத்த ஏற்பாடு அது.

ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே ஒரு கொட்டகையில் நாங்கள் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கிறோம். புருசன் போன பிறகு இந்தக் கத்தியை வைத்தே மகளைப் படிக்க வைத்து ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்தவள் செங்கமலம். மாமியார் இல்லாத வீடு. சத்யாவுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வலி கண்டால் இவள்தான் ஓட வேண்டும்.

சித்திரையில் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான். அம்மா அம்மா என்று உருகினான். இவளும் “சாப்டியா தம்பி” என்று விசாரித்துவிட்டு, போனுக்கு வந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். அதுவே வினையாகி, பிரசவத்துக்குச் சேர்த்த பணம் போனது. அன்றிலிருந்து படம் வராத போனை அவள் தொடுவதில்லை.

அன்று மத்தியானம் போன் விடாமல் அடித்தது.

“எடுத்துத்தான் பாரேன்டி.”

“மொட்டையா வருதுக்கா. படம் இல்லாதவன் களவாணி.”

“சத்யா வூட்லேருந்தா இருந்தா?”

“அவளுக்குத்தான் பூ வருமே.”

பூவை அமுக்கிப் பார்த்தாள். சுவிட்ச் ஆப். டிராக்டரை அமுக்கினாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி அந்த மொட்டை நம்பர். நல்ல வெங்காயத்தை அழுகல் குவியலில் போட்டாள். விரலை அறுத்துக்கொண்டாள். நான் போனுக்குக் கை நீட்டினேன். மடியில் செருகிக்கொண்டாள்.

“ஒன்னையும் பேசியே மயக்கிருவான்.”

“எங்கிட்ட என்னடி இருக்கு? ஆட்டைத்தான் கேப்பான்.”

அவள் சிரிக்கவில்லை. வாசலுக்கும் குவியலுக்குமாக நடந்தாள்.

பிறகு போன் ஒரு தரம் அடித்து நின்றது. இன்னொரு தரம் அடித்து நின்றது. மூன்றாவது தரமும் அப்படியே.

செங்கமலம் நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். சத்யா பெரம்பலூர் காலேஜுக்குப் போன காலத்தில் பேசுகிற அளவுக்குக் காசு போட முடியாத போன்தான் இருவரிடமும். ஒரு மிஸ்டு கால் என்றால் பஸ் ஏறிவிட்டேன். மூன்று என்றால் உடனே கிளம்பி வா. அது அவர்கள் இருவருக்கும், பக்கத்திலேயே கிடக்கிற எனக்கும்தான் தெரியும்.

“எம் புள்ளதான்.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

“இப்பவாச்சும் எடுத்துப் பேசுடி.”

“நேர்ல போய்ப் பேசிக்கிறேன்.”

அவள் பஸ் ஏறும்வரை போன் மடியில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரம்பலூரில் பஸ் கிடைத்ததோ, அரியலூரில் காத்துக் கிடக்கிறாளோ என்று ஆட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் போன் அடித்தது. படம் இல்லை. எடுத்துவிட்டேன்.

“அக்கா, நாந்தான். பொம்பளப் புள்ள. ரெண்டும் நல்லாருக்கு. சத்யா போனு தண்ணித் தொட்டியில வுழுந்து செத்துப்போச்சாம், பக்கத்து வூட்டு போன்லதான் கூப்டுருக்கா. என்னுதுல சார்ஜ் இல்ல, இது நர்ஸம்மா போனு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அதுசரி,” என்றாள், “படம் இல்லாத நம்பர நீ ஏன் எடுத்த?”