ஓடாமலே பழசான டயர்கள்

காளையார்கோவிலில் என் பள்ளித் தோழி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், காரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வர நினைத்தேன். கணவர் இறந்த இந்த மூன்று வருடங்களில் அந்தக் கார் எங்கள் ஊரான பள்ளத்தூரைத் தாண்டியது அபூர்வம். வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை ஓட்டுவேன். மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும்.

கிளம்புமுன் ஒருமுறை சுற்றிப் பார்த்தபோதுதான் டயர்களின் பக்கவாட்டில் வெடிப்புகள் தெரிந்தன. தரையில் படும் இடத்தில் பட்டன் என்று சொல்லும் வரிப்பள்ளங்கள் எல்லாம் புதிதுபோல ஆழமாகவே இருந்தன. மகனைக் கேட்கலாம் என்றால், வெளிநாட்டில் அவன் இருக்கும் ஊரில் இன்னும் விடிந்திருக்காது. குனிந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

மெதுவாக ஓட்டிக்கொண்டு, செக்காலையில் கணவர் வழக்கமாகப் போகும் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் வரலையா ஆச்சி?"

"அவுக போய்ச் சேந்து மூணு வருசமாச்சு."

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு டயர் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"பட்டனைப் பாத்து ஏமாந்துறாதீக. இந்தா, டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்குல்ல, அதுல கடைசி நாலு நம்பரு. முத ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருசம்னு அர்த்தம். இது செஞ்சு பத்து வருசம் தாண்டிருச்சு. ஓடாம நின்னாலும் ரப்பர் காஞ்சுரும்ல."

ஒரு வெடிப்பை நகத்தால் விரித்துக் காட்டினார்.

"மேலாக்க கோடு மட்டும்னா கொஞ்ச நாள் பாக்கலாம். இதுல உள்ள நூலே தெரியுது பாருங்க. இந்த வெயில்ல வேகமாப் போனீகன்னா வெடிச்சுரும்."

ஸ்டெப்னிக்கும் அதே வயது. அந்த அளவு டயர் மறுநாள்தான் வரும் என்றார். "கார் இங்குட்டே நிக்கட்டும். மாட்டிட்டு நான் போன் போடுறேன்." என் நம்பரைக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் காலை சமையலறையில் இருந்தேன். படுக்கையறையில் போன் ஒலித்தது. என்னுடையது என் கையருகே இருந்தது. ஒலித்தது கணவருடைய போன். அதற்கு இன்னும் ரீசார்ஜ் செய்து, சார்ஜும் போட்டு வைத்திருக்கிறேன். அது ஒலித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். எதை எண்ணி அப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆச்சியா? அடடா, பழக்கத்துல அண்ணன் நம்பரையே போட்டுட்டேன். தப்பா நினைச்சுக்கிறாதீக. டயர் மாட்டியாச்சு."

"பரவாயில்ல" என்றேன். போனை வைக்க மனம் வரவில்லை. காற்று எவ்வளவு அடிக்க வேண்டும், பழைய டயர்களை என்ன செய்வார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

பஸ்ஸில் போய்க் காரை எடுத்துக்கொண்டு, அன்று மதியமே காளையார்கோவில் போய்ச் சேர்ந்தேன். தோழி கட்டிலில் படுத்தபடியே வாசலைப் பார்த்தாள்.

"யாரு கூடடி வந்தே?"

"நானேதான் ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அவள் கையை நீட்டினாள். பொழுது சாயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேசப் பேச என் தொண்டை கரகரத்துப் போயிற்று. ஒரே நாளில் அவ்வளவு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.