திராட்சை மலையில் நெத்திலி

விமானம் ஏறுவதற்கு முன் எல்லோரும் எனக்குக் குளிர், மாத்திரை, பாஸ்போர்ட் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அங்க போயி பொண்ணப் பாரு, ஊரப் பாரு, இன்னா வேணா பாரு. அந்தப் பையன் வூட்ல மட்டும் கை நனைச்சிடாத.”

எங்கள் கடற்கரை ஊர் கோட்டைக்குப்பத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேசுகிற வீட்டில், மனதுக்குப் பிடித்து ஒப்புக்கொள்ளும் வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது. நெல் விளைகிற ஊர்களில் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், சோறு மட்டும் கூடாது என்பார்களாம். எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே தின்று கை கழுவினால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

என் ஒரே மகள் இத்தாலியில் நர்ஸ் வேலை செய்கிறாள். போன வருஷம் ஒரு நாள் போனில், “எம்மா, இங்க ஒருத்தர எனக்குப் புடிச்சிருக்கு” என்றாள். எந்த ஊர்க்காரன் என்று கேட்டேன். “இங்கதான், திராட்சைத் தோட்டம் கீற ஊரு. ஒயினுக்கு ரொம்ப பேர்போன ஊரும்மா” என்றாள். போனை வைத்துவிட்டேன். என்ன வேலை, எத்தனை பேர் வீட்டில், எதையும் கேட்கவில்லை. ஒயின் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தவர். சாராயக் கடைக்குப் போய்த்தான் ஒரு நாள் திரும்பி வரவில்லை.

அண்ணன் ஒருபடி மேலே போனார். “எளாவூர் செக்போஸ்ட் தாண்டி அடுத்த ஸ்டேட்டுல குடுத்த பொண்ணுங்களையே நல்லது கெட்டதுக்குத்தான் பாக்க முடியுது. நீ கடல் தாண்டி, அதுவும் சாராயம் காச்சற வூட்டுல குடுப்பியா?” என்றார். மாட்டேன் என்றேன். அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் போனேன்.

போனேனே தவிர, சொல்ல வரவில்லை. எனக்கு வாய் குறைவு. மீன் விற்ற காலத்திலேயே கூவ மாட்டேன்; வேண்டுமானால் மீனே கூவிக்கொள்ளட்டும் என்று கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மகள் வீட்டில் சில நாள் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“அவன் வூட்டுக்கு மட்டும் என்னக் கூட்டினு போவாத.”

“சரி, போவல.”

“அவனயும் காட்டாத.”

“காட்டல. நாளைக்கு எனக்கு லீவு. பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துனு மலைப்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். கூட யாரும் வரமாட்டாங்க. போன் வழி சொல்லும். நீயும் நானும்தான்.”

மறுநாள் பஸ்ஸில் ஒரு மலை ஊருக்குப் போய் இறங்கினோம். கீழே ஸ்கூட்டர் கடை, மாடியில் வீடு. கடைக்காரனுக்கு நாற்பது வயதிருக்கும். முன்தலை வழுக்கை, விரல் நகத்தில் கருப்பு மை. என் தலையில் ஹெல்மெட் மாட்டி வாரை இழுக்கும்போது இரண்டு தடவை கொக்கியைத் தவறவிட்டான். என்னைவிடக் கூச்சப்படுகிற ஆம்பிளையை அன்றுதான் பார்த்தேன். பாவம், புடவை கட்டின கிழவிக்கு ஹெல்மெட் மாட்டிப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பழக்கப்படி ஒரு பக்கமாக உட்காரப் போனேன்.

“எம்மா, அப்டி உக்காந்தா போலீஸ் புடிப்பான்.”

“பின்ன எப்டி உக்கார்றது?”

“ஆம்பள மாதிரி.”

“அடிப் பாவி!”

புடவைக்குள் அவளுடைய பேண்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். நல்லவேளை, பின்சக்கரத்தில் நம் ஊர் வண்டி மாதிரியே கம்பி வளைத்துச் சாரி கார்டு இருந்தது. முந்தானை மாட்டாது. இதையெல்லாம் யோசித்து வண்டி செய்கிறார்களே என்று அந்த நாட்டை மெச்சினேன்.

மகள் கையெழுத்துப் போட உள்ளே போனாள். மாடியிலிருந்து என் வயதில் ஓர் அம்மாள் தட்டோடு இறங்கி வந்தாள். ரொட்டித் துண்டு, அதன்மேல் வெண்ணெய், அதன்மேல் முள் எடுத்து உப்பில் ஊறவைத்த நெத்திலி. கடலே கண்ணில் படாத மலையில் நெத்திலி! மகள் வீட்டில் வந்த நாளாக வெள்ளையாக, வாசனையில்லாத ஏதோ மீன். எடுத்து வாயில் போட்டேன். உப்பு சரியாக இருந்தது. விரலைக் காட்டி இன்னொன்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்து, தட்டையே கொடுத்துவிட்டாள். தின்று முடித்ததும் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் திறந்துவிட்டு, கை துடைக்கத் தன் துண்டையும் கொடுத்தாள். வண்டி வாடகைக்கு விடுகிற இடத்தில் இப்படி ஒரு கவனிப்பா என்று அவர்களுடைய வியாபாரத்தையும் மெச்சினேன்.

மகள் வெளியே வந்து, என் ஈரக் கையையும் காலித் தட்டையும் பார்த்தாள். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. வெளிநாட்டில் அம்மா கையால் எடுத்துத் தின்கிறாளே என்று வெட்கம் போலிருக்கிறது. படித்த பிள்ளைகள் அப்படித்தான்.

வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. போனுக்குள்ளிருந்து ஒரு பெண் ஏதோ சொல்வாள், மகள் அந்தப் பக்கம் திருப்புவாள். மலை முழுக்க வரிசை வரிசையாகக் கழி நட்டு, கம்பி இழுத்து, கொடியைக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர் ஏரியில் வலை கட்ட நட்டிருக்கும் கழிகள்தான் ஞாபகம் வந்தன. நம் கழிக்கு மீன் தானாக வந்து மாட்ட வேண்டும். இவர்கள் திராட்சைக்கு ஓடிப்போகக் காலில்லை. சொகுசான தொழில்.

காற்று முகத்தில் அடித்ததும்தான் எனக்குப் புத்தி விழித்தது. திராட்சைத் தோட்டம் கீற ஊரு என்றாளே! நாம் போய்க்கொண்டிருப்பது வேறென்ன? காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சுற்றிப்பார்க்கிற சாக்கில் இவற்றில் ஏதோ ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிடத்தான் போகிறாள். என் மகளல்லவா, வாயால் சொல்லாமல்தான் காரியம் பார்ப்பாள். இனி உஷாராக இருக்க வேண்டும். எந்தத் தோட்டத்திலும் எதையும் தொடுவதில்லை என்று வண்டியிலேயே முடிவெடுத்தேன்.

முதல் தோட்டத்தில் மஞ்சள் முடிக்காரப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். உயரம், தடித்த உடம்பு, ஓயாத வாய். இவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு ஊற்றினான். அங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் கோப்பையைச் சுழற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டு மோந்தார்கள், வாயில் வைத்துக் கொப்பளித்தார்கள், பிறகு பக்கெட்டில் துப்பிவிட்டார்கள். துப்புவதற்குக் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒயின் ஷாப் என்று பலகை இருக்கும், உள்ளே ஒயின் தவிர எல்லாம் இருக்கும். குடிக்கிறவன் மோந்து பார்த்ததே கிடையாது. மோந்து பார்த்திருந்தால் பாதிப்பேர் பிழைத்திருப்பார்கள்.

பையன் எனக்குத் தண்ணீர் நீட்டினான். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“தண்ணிதாம்மா,” என்றாள் மகள்.

“தாகமில்ல.”

இரண்டாவது இடம் கோட்டை மாதிரி இருந்தது. வெள்ளை மீசைப் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். இவர் அவனுடைய அப்பாவாக இருக்கலாம். அப்படியானால் முதல் பையன் இல்லை. இந்த வீட்டில் வாழப்போகிறவள் இத்தனை அறையையும் யார் பெருக்குவது என்று கேட்டிருக்கிறாளா? பெரியவர் பாலாடைக்கட்டியும் தேனும் வைத்தார். காலையில் தின்ற நெத்திலி எப்போதோ கரைந்துவிட்டது. வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி பேசியது. நான் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மகள் பொறுமை இழந்தாள். “இன்னாம்மா, உடம்பு சரியில்லியா? மரியாத குடுத்து வெக்கிறாங்க, கைய ஒளிச்சிக்கிற.”

“பசிக்கல.”

“வவுறு கத்துது.”

“அது அப்டித்தான் கத்தும்.”

ஊர்ப் பொதுக்குழாய் ஒன்று தெருவோரம் இருந்தது. அது யாருடைய வீட்டுக்கும் சொந்தமில்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, குனிந்து வயிறு நிறையக் குடித்தேன். மகள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“அவ்ளோ நேரம் தாகமில்லன்ன?”

“இப்பதான் வந்துச்சு.”

திரும்பும்போது ஒரு மேட்டில் வண்டி மூச்சுவிட முடியாமல் நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது, ஒருவரை மட்டும்தான் இழுக்குமாம். நான் இறங்கி நடந்தேன். அவள் பக்கத்தில் மெதுவாக வண்டியை ஓட்டி வந்தாள். பசி மயக்கத்தில் எனக்கும் கொஞ்சம் வாய் வந்தது.

“அவன் குடிப்பானாடி?”

அவள் பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “குடிப்பாரும்மா. ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ்.”

“உங்க நைனாவும் ஒரு கிளாஸ்தான் குடிச்சாரு. அது முடியவே முடியாது.”

மேடு ஏறி முடிந்ததும் நான் மறுபடி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். சரிவில் வண்டி தானாக இறங்கியது. எந்தத் தோட்டத்திலும் கை நனைக்கவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

பொழுது சாயக் கடைக்குத் திரும்பினோம். கடைக்காரன் ஓடிவந்து வண்டியை வாங்கி வரிசையில் நிறுத்தினான். அப்போதுதான் பார்த்தேன். வரிசையில் இருந்த எந்த வண்டியிலும் சாரி கார்டு இல்லை. நான் உட்கார்ந்து வந்த வண்டியில் மட்டும்தான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். கடையில் வாங்கினதில்லை. கம்பியைக் கையால் வளைத்து, முனை குத்தாமலிருக்க ரப்பர் சுற்றியிருந்தது. அந்த ஊரில் அதற்கு முன் புடவை கட்டினவள் யாரும் வண்டி கேட்டு வந்திருக்கப் போவதில்லை.

மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“இவனா?”

“ம்.”

“நெத்திலி குடுத்த அம்மா?”

“அவங்க அம்மாதான்.”

“திராட்சைத் தோட்டம்?”

“இவங்களுக்கு ஏது தோட்டம்? தோட்டம் கீற ஊருன்னுதான் சொன்னேன். நீ போன வெச்சிட்ட.”

“என்ன ஏமாத்திட்டியேடி! கூட்டினு போவ மாட்டேன்னியே!”

“வண்டி எடுத்துனு ஓடிடலாம்னுதாம்மா பாத்தேன். இந்த மலைல வேற வண்டிக் கடை இல்ல. உள்ளருந்தே வேணாம் வேணாம்னு கண்ணக் காட்டினேன், நீ எங்க பாத்த? ரெண்டாவது துண்டுக்கு விரல நீட்டினு கீற.”

அவளே மெதுவாகச் சொன்னாள். “தெரியாம துன்னது கணக்கில்லம்மா. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வேணான்னா வேணாம். இங்கியே அவர்கிட்ட சொல்லி முடிச்சிட்டு வந்துடறேன். உன்ன மீறி நான் செய்யல.”

அவள் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் சொன்னதைச் செய்துவிடுவாள் என்று தெரிந்தது. சொல்லத்தானே வந்தேன்? இப்போது ஒரு தலையாட்டல் போதும். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று எந்த மொழியில் சொல்வது? மாடிப்படி ஏறினேன். உட்காருவது கை நனைப்பதில் சேராது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

மேசையில் எல்லாம் வைத்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவனை மட்டும் பார்த்தேன். அவன் ஒரு பாட்டிலைத் திறந்தான். தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினான். பிறகு மூடியை எடுத்து, பாட்டில் வாயில் வைத்து, உள்ளங்கையால் தட்டி இறுக்கினான். எழுந்துபோய் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். அதைச் செய்கிறோம் என்ற நினைப்புகூட அவனுக்கு இல்லை. என்னைக் கவனிக்கவும் இல்லை. ரொட்டியை நறுக்கி அவன் அம்மாவுக்கு வைத்துக்கொண்டிருந்தான்.

மீதி இருக்கிற பாட்டிலை மூடிவைத்து நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பாட்டில் மூடிகள் நிறையக் கிடந்தன. ஒன்றும் திரும்ப மூட உதவினதில்லை.

சாப்பாடு முடிகிற வரைக்கும் பார்ப்போம் என்று பார்த்தேன். அவன் கிளாஸில் கடைசி மடக்கும் போனது. என் கண் அலமாரிக் கதவிலேயே இருந்தது. அது திறக்கவில்லை. எல்லோருக்கும் தட்டு காலியாகிவிட்டது, என் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள், மகன் என் மகளைப் பார்த்தான். மகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“காலைல குடுத்த நெத்திலி மிச்சம் கீதான்னு கேளு,” என்றேன்.

மறுநாள் அண்ணன் போன் செய்தார். எடுத்ததும் முதல் கேள்வி அதுதான்.

“கை நனைச்சியா?”

“நனைச்சேன்.”

அண்ணன் கத்தினார். “உனுக்குப் படிச்சிப் படிச்சி சொன்னேன்ல! அப்டி இன்னாதான் போட்டாங்க?”

“நெத்திலி.”

அண்ணன் திட்டுவதற்கு மூச்சு இழுக்கிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

“நெத்திலியா? நீ மலைன்னியே, அங்க ஏது கடலு?”

“கடல் இல்ல.”

“அப்ப காஞ்சதா, உப்புல போட்டதா?”

“உப்புல போட்டது. முள்ளு எடுத்து.”

“முள்ளு எடுத்தா?” என்றார் அண்ணன். “நெத்திலிக்குப் போயி எவன் முள்ளு எடுப்பான்? எப்டி எடுக்கறாங்க, சொல்லு.”