வெந்நீரில் வைத்த கால்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் தொழில் தொடங்கியபோது முதலில் சங்கடம் கொடுத்தது பெயர்ப்பலகைதான். ‘பாத மசாஜ், பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதி மாட்டியிருந்தேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்து, “மசாஜ்னு போட்டா வேற மாதிரி நெனச்சுக்குவாங்கம்மா, கொஞ்சம் மாத்திடுங்க” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்குள் இரண்டு ஆண்கள் கதவைத் தட்டி விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘பாத நலம்’ என்று மாற்றினேன். என் தாய்மாமனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. “நம்ம வீட்டுப் பொண்ணு ஊரான் காலப் புடிச்சுத்தான் பொழைக்கணுமா?” என்று போனில் கேட்டார். நான் அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

இந்த வேலையைச் சிங்கப்பூரில் கற்றுக்கொண்டேன். என் கணவருக்கு அங்கே வேலை. எட்டு வருஷம் இருந்தோம். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பாத அழுத்தச் சிகிச்சைக் கடை ஒன்று இருந்தது. துண்டு மடித்து வைக்க ஆள் வேண்டும் என்று போனவள், இரண்டாம் வருஷம் முக்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மாமனார் படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பிவிட்டோம்.

உள்ளங்காலின் ஒரு புள்ளியை அழுத்தினால் கல்லீரல் சரியாகும் என்று எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. யாரிடமும் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் ஒருவருடைய காலை எடுத்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் அவருடைய தோள் தானாக இறங்கும், மூச்சு நீளும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அந்த அளவுக்கு நம்புகிறேன்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் வருவார்கள், பள்ளிக்கூட டீச்சர்கள் வருவார்கள். சித்திரை, வைகாசியில் பாத எரிச்சல் என்று வருகிறவர்களுக்கு வெட்டிவேர் ஊறிய தண்ணீர். ஐப்பசி மழையில் மூட்டுப் பிடிப்போடு வருகிறவர்களுக்குச் சூடு காட்டிய நல்லெண்ணெய். மார்கழி பிறந்தால் பித்தவெடிப்பு. காலண்டரைப் பார்க்காமலே வருகிறவர்களின் காலைப் பார்த்து மாதம் சொல்லிவிடலாம்.

அப்படி ஒரு ஐப்பசியில்தான் அந்த அம்மா வந்தார். அவருடைய மகள் எனக்கு முன்பே பழக்கம். வங்கியில் அதிகாரி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கழுத்து வலிக்காக என்னிடம் நாலைந்து முறை வந்திருந்தாள். “எங்கம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வரணும்க்கா. நாப்பது வருஷமா நடவு, களை. இன்னும் உக்காரச் சொன்னா கேக்க மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்தே விட்டாள்.

அந்த அம்மா செருப்பை வாசற்படியில் விடாமல் கேட்டுக்கு வெளியிலேயே விட்டார். உள்ளே வந்ததும் தரையில் உட்காரப் போனார். மகள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நுனியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார்.

“உங்க அம்மா ஜாடை அப்படியே இருக்கு” என்றார். பிறகு நான் பிறந்த கிராமத்தின் பெயரைச் சொல்லி, “பெரியதெரு வீட்டுப் பாப்பாதானே நீங்க?” என்று கேட்டார்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பாப்பா என்று என்னைக் கூப்பிட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் அப்பாவின் வயலில் நடவு நட்டவராம். எனக்கு அவரை நினைவில்லை. வயலில் குனிந்து நின்ற பெண்களில் ஒருவராக இருந்திருப்பார். நிமிர்ந்து பார்த்த முகமாக எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதை மறைத்துச் சிரித்தேன்.

“இவங்க காலத் தொடுறதா? வேண்டாம் புள்ள, வா போவலாம்” என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

“அம்மா, இது அவங்க தொழில்” என்றாள் மகள்.

“அவங்க தொழிலா இருக்கட்டும். எனக்கு ஒப்பல.”

நான் வற்புறுத்தவில்லை. “சரிம்மா, கால வுடுங்க. கையக் குடுங்க பாப்போம்” என்றேன். அதற்குச் சம்மதித்தார். வலது கை ஆள்காட்டி விரலின் பக்கம் தோல் தடித்து மரத்துப்போயிருந்தது. நாற்றுமுடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துப் பிரித்து நட்ட விரல். எண்ணெயைத் தொட்டு உள்ளங்கையை அழுத்தியதும் கொஞ்ச நேரத்தில் பேச ஆரம்பித்தார். இப்போது நடவு மிஷின் வந்துவிட்டது, களைக்குத்தான் ஆள் தேடுகிறார்கள், அவரே ஒரு ஏக்கர் வரும் மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருக்கிறார், வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது. பயிரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உயர்ந்தது. போகும்போது, “கை லேசா இருக்கு பாப்பா” என்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகவே பஸ் ஏறி வந்தார். வெளியே மழை விட்டுவிட்டுத் தூறியது. நாற்காலியில் இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “ராத்திரியெல்லாம் கால் மதமதன்னு இருக்கு. கைக்குச் செஞ்சீங்கள்ல, அது மாதிரி காலுக்கும் செய்யுங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குள் சந்தோஷம். கொஞ்சம் பெருமையும்தான். கெட்டிலில் சுட வைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கக் குழாய்ப் பக்கம் திரும்பினேன். குடத்தோடு வந்தபோது அவர் இரண்டு காலையும் தொட்டிக்குள் வைத்திருந்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

“அம்மா, சுடலையா?”

“வெதுவெதுன்னு சொகமா இருக்கு.”

என் விரலை உள்ளே விட்டேன். உடனே இழுத்துக்கொண்டேன். அவசரமாக அவருடைய கால்களைத் தூக்கி வெளியே எடுத்தேன். கணுக்கால் வரை சிவந்திருந்தது. பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். நல்லவேளையாகக் கொப்புளம் எழவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

துண்டால் ஒற்றிவிட்டு, “கண்ண மூடிக்குங்கம்மா. எந்த விரலத் தொடுறேன்னு சொல்லுங்க” என்றேன். சுண்டுவிரலைத் தொட்டேன். “இன்னும் தொடலையே” என்றார். பெருவிரலைத் தொட்டேன். யோசித்து, “நடு விரலா?” என்றார். இடது காலின் கடைசி இரண்டு விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். இடுக்கில் பட்டாணி அளவு புண், ஓரம் வெளுத்து, உள்ளே ஆழமாக. அவருக்கு அது தெரியவே தெரியாது. சேற்றுப்புண் எப்பவும் வருவதுதான், வந்தால் தானாக ஆறிவிடும் என்றார்.

சிங்கப்பூரில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது: உணர்ச்சி இல்லாத காலை அழுத்தக் கூடாது, புண் இருக்கும் காலைத் தொட்டுத் தேய்க்கக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். “இன்னைக்கு மசாஜ் வேண்டாம்மா” என்றேன்.

அவர் காலை மெதுவாகக் கீழே இறக்கினார். சேலையை இழுத்து விட்டுக்கொண்டார். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே பாப்பா, ஒப்பலன்னு. பரவால்ல. நான் வர்றேன்” என்று எழுந்தார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுட்டது. அவருடைய காலைக் கையில் எடுத்த பிறகு எனக்கு அருவருப்பு வந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். அந்த நினைப்பை அவர் புதிதாக உண்டாக்கவில்லை. எங்கள் தெருவில் எத்தனை வருஷம் நின்றிருப்பார், எத்தனை முறை கையில் படாமல் எட்டி நின்று கூலி கொடுத்திருப்பார்கள்.

“உக்காருங்கம்மா” என்றேன். நின்றுகொண்டே இருந்தார். நான் முக்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து அவருடைய இடது காலை மறுபடி பிடித்தேன். விழப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். “உங்களுக்குக் காலு மரத்துப் போச்சும்மா. சுடுறதும் தெரியல, குத்துறதும் தெரியல. சக்கரையா இருக்கலாம். இந்தப் புண்ண அப்படியே வுட்டா விரல எடுக்கற மாதிரி ஆயிடும். நான் அமுக்குனா இன்னும் கெட்டுப்போகும். அதான் வேண்டாம்னேன். வேற ஒண்ணும் இல்ல.”

அவர் என் கையைப் பார்த்தார். “சக்கரையெல்லாம் பாத்ததே இல்ல” என்றார்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் வங்கியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னாள். புண்ணை மூடிக் கட்டி, நானும் அவரும் ஆட்டோவில் போனோம். வழியில் அவர் பேசியதெல்லாம் வயலைப் பற்றித்தான். ரெண்டாங்களை எடுக்க வேண்டும், ஆள் சொல்லி வைத்திருக்கிறார், இவர் நிற்காவிட்டால் வரப்போரம் விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. “இன்னும் பத்து நாள் விட்டிருந்தா விரலுக்கு உத்தரவாதம் இல்ல” என்றார் டாக்டர். அன்றிலிருந்து சேற்றில் இறங்கக் கூடாது என்றதும்தான் அந்த அம்மா முதல்முறையாகக் கண் கலங்கினார்.

ஏழு வாரம் மகள் வீட்டில் இருந்தார். நான் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து போனிலேயே சாகுபடி செய்துகொண்டிருந்தார். “மடைய அடச்சியா? எந்த மடைய? கெழக்கால உள்ளதா?” என்று யாரையோ விரட்டுவார். எனக்கு அவருடைய கழுத்தையும் தோளையும் பிடித்துவிட மட்டும் அனுமதி உண்டு.

ஒரு நாள் அப்படித் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். “என் பெரிய மக ஒண்ணு செத்துப்போச்சு, தெரியுமா? ரெண்டு வயசு. சொரம். நடவு நேரம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும்னு கேட்டேன், நாளைக்குப் போயிக்கன்னாங்க உங்க அப்பா. மறுநாள் போனேன்.”

என் கை நின்றுவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு அவர் நல்ல அப்பா. மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் அது யாருக்காக என்றெல்லாம் குழம்பினேன்.

“எனக்கு இது தெரியாதும்மா” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்த. உன்னைச் சொல்லல. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்.” பிறகு, “அந்த எலும்புக்குக் கீழதான் வலிக்குது” என்றார். நான் அங்கே பிடித்துவிட்டேன். வீடு திரும்பும்போது ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தேன்.

புண் ஆறியது. விரல் தப்பியது. தை பிறந்து அறுவடையும் முடிந்த பிறகு, லேசாக எண்ணெய் தடவலாம், அழுத்தக் கூடாது, விரலிடுக்கில் எண்ணெய் படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மகள் வாங்கிக் கொடுத்த மெத்தென்ற செருப்போடு வந்தார். வீட்டு வாசற்படி வரை போட்டுக்கொண்டு வந்து அங்கேதான் கழற்றினார். நான் அழுத்தவே இல்லை. தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நீவிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்து தூங்கிவிட்டார். அடுத்து வரவேண்டிய டீச்சருக்குப் போன் செய்து அரை மணி நேரம் தள்ளி வரச் சொன்னேன்.

எழுந்ததும் அவர் கேட்டது எனக்கு எதிர்பாராதது. “எங்க தெருவுல என்னை மாதிரி இருவது பொம்பளைங்க இருக்கோம். எவளும் இங்க வரமாட்டா. நீ வருவியா?”

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மகள் சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். தனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவரையும் சர்க்கரை பார்க்கும் கருவியோடு அழைத்து வந்திருந்தாள். அந்த அம்மாதான் எல்லாரையும் வரிசையில் உட்கார வைத்தார். கூச்சப்பட்டவர்களை, “நான் நீட்டல? உன் காலு என்ன தங்கமா?” என்று அதட்டினார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டேன். ஒரே சிரிப்பு. ஆனால் இரண்டு பேருக்குக் கால் மரத்திருந்தது. அவர்களை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக மகள் எழுதிக்கொண்டாள். நர்ஸ் சரி என்று சொன்ன மற்றவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, எண்ணெய் தடவி, அழுத்திவிட்டேன். மத்தியானத்துக்குள் என் கட்டைவிரல்கள் வீங்கிவிட்டன.

சாப்பாடு அவருடைய வீட்டில். புதுச் சம்பா அரிசிச் சோறு, கத்திரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. எங்கள் குடும்பத்திலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, “இது நான் போன்லயே வெளைய வச்சது, சாப்புடு” என்றார். மகள் சிரித்தாள். குழம்பில் காரம் தூக்கலாக இருந்தது. மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.