பதினான்காவது விதி

நிதித் துறையின் மூன்றாவது மாடியில் எல்லோரும் அவரைக் கமா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தொகையில் கமா இடம் மாறி விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, அமைச்சரின் மேசைவரை போய்விட்ட கோப்பையே திருப்பி வாங்கி வந்தவர். அதற்கு முன் அவருக்கு என்ன பெயர் இருந்தது என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டி நாலு வருஷம் ஆகியும் கல் மட்டும்தான் நின்றது. வரியை ஏற்ற அரசுக்குத் தைரியம் இல்லை. தேர்தல் பக்கத்தில் இருந்தது. வருமானத்துக்குப் புது வழி சொல்லுங்கள் என்று எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. மற்றவர்கள் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கமா அக்கா இரண்டு பக்கம் எழுதினார்.

யோசனை எளிமையானது. பக்கத்து மாநிலத்தில் அரசே லாட்டரி நடத்துகிறது. அந்தச் சீட்டுகள் எல்லை தாண்டி வந்து இங்கே ரகசியமாகக் கைமாறுகின்றன. நம் ஆட்கள் கொடுக்கும் காசில் அவர்கள் பாலம் கட்டிக்கொள்கிறார்கள். இவர்கள் வாங்குவதை நிறுத்தப்போவதில்லை என்றால், நாமே நடத்தி அந்தக் காசை மருத்துவமனைக்குக் கொடுக்கலாமே.

செயலாளர் கூப்பிட்டனுப்பினார். “யோசனை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா எத்தனை பேர் வாங்குறாங்க? அது தெரியாம நிதிக் குழு முன்னாடி போய் நின்னா நம்மளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.”

திருட்டு வியாபாரத்துக்குப் புள்ளிவிவரம் எங்கே போவது? கமா அக்கா தானே கிளம்பினார். பத்து நாள் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு சந்தை, ஆலை வாசல், கடைத்தெரு என்று அலைந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முடிதிருத்துபவர், “லாட்டரியா? அப்படின்னா என்னம்மா?” என்று கேட்டார். அவர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது.

கடைசியாகப் பேருந்துப் பணிமனை. அவருடைய கணவர் அங்கே இருபது வருஷமாக டிரைவர். எல்லை ஊருக்குப் போய்வரும் வண்டி அவருடையது. அவர் வண்டியில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அக்கா கேன்டீனுக்குள் போனார். தெரிந்த முகங்கள் என்பதால் பேச்சு சுலபமாக வந்தது. வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

“எங்கே வாங்குவீங்க?”

ஒரு கண்டக்டர் சிரித்தார். “என்ன அண்ணி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? எங்க எல்லாருக்கும் வாங்கிட்டு வர்றதே அண்ணன்தானே.”

கண்டக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. கமா அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “டீக்கு நான் காசு கொடுத்துட்டேனா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் வீட்டில் டிரைவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்தார்.

“எத்தனை வருஷமா?”

“எது?”

“சீட்டு.”

கத்தி நின்றது. “பதினோரு வருஷம் இருக்கும்.”

“கமிஷன் உண்டா?”

“சே, என்ன பேச்சு பேசுற! போறதுதான் போறீங்க, எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்கண்ணேன்னு பசங்க சொல்வாங்க. அவ்வளவுதான்.”

“எதாவது விழுந்துச்சா?”

“ஒரே ஒரு தடவை ஆறுதல் பரிசு. டிப்போவுல கொடுத்தாங்கன்னு சொன்னேனே, அந்தக் குடை.”

கமா அக்கா திரும்பி வாசலைப் பார்த்தார். பத்து நாளாகப் பிடித்துக்கொண்டு அலைந்த குடை அங்கே சாய்ந்து நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“எதுக்குங்க இது?”

டிரைவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, “அந்த ரூட் ரொம்ப நீளம். சீட்டு பையில இருந்தா, போற வழியில ஒரு வீடு கட்டிக்கிட்டே போவேன். உனக்குத் தனியா ஒரு ரூம், பெரிய மேஜை. சனிக்கிழமை குலுக்கல்ல இடிஞ்சு விழுந்துடும். திங்கக்கிழமை மறுபடி அஸ்திவாரம் போடுவேன்” என்றார்.

“இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ கமா போடுவ.”

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்திலேயே ஒரு மனிதர் பதினோரு வருஷம் தனியாக வீடு கட்டி, தனியாக இடிந்து போயிருக்கிறார் என்பதுதான் உறுத்தியது. மிச்சம் இருந்த பீன்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து டிரைவரே துணைக்கு வந்தார். ‘இவங்க நம்ம ஆளு’ என்று அவர் சொன்ன பிறகு எல்லை ஊர் ஏஜெண்டுகள்கூட வாய் திறந்தார்கள். எண்ணிக்கை கிடைத்தது. அக்கா நடைமுறை விதிகளை எழுதத் தொடங்கினார். வருமானம் முழுவதும் மருத்துவமனைகளுக்கே. மருத்துவமனை வாசலில் சீட்டு விற்கக் கூடாது. முதல் பரிசு விழ எத்தனை லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்பதைச் சீட்டின் பின்பக்கம் அச்சிட வேண்டும். பதினான்காவது விதியை எழுதிவிட்டு, அதை மேலே அனுப்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“படிங்க.”

நிதித் துறை ஊழியர்களும் அவர்களோடு வசிக்கும் குடும்பத்தாரும் சீட்டு வாங்கக் கூடாது என்று இருந்தது. டிரைவர் இரண்டு தடவை படித்தார்.

“நம்ம மாநிலத்துச் சீட்டு மட்டும்தானே?”

“நம்மளது வந்தப்புறம் நீங்க வெளிச்சீட்டு வாங்கினா என் மூஞ்சியை எங்க வச்சிக்கிறது?”

“அதுவும் சரிதான்.” தாளைத் திருப்பிக் கொடுத்தார். “எழுது. நாளைக்கு எனக்கே முதல் பரிசு விழுந்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.” அன்று சர்க்கரை போடாத டீயையே குடித்து முடித்தார், சர்க்கரை கேட்கவும் இல்லை.

நிதிக் குழுவில் ஒரு வயதான வக்கீல் உறுப்பினர் இருந்தார். யோசனையை முழு மூச்சாக எதிர்த்தார். “அரசாங்கமே சூதாட்டக் கடை திறக்கணுமா? இது ஏழைங்க காசும்மா. உங்க வீட்டுல யாராவது வாங்குவாங்களா?”

செயலாளர் கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். கமா அக்கா எழுந்து நின்றார்.

“என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் வாங்கினாருங்க. இப்ப நிறுத்திட்டார்.”

“எப்படி நிறுத்தினார்?”

“பதினாலாவது விதி.”

அறை முழுவதும் சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை; அக்காவும் சிரிக்கவில்லை. “ஏழைங்க காசுதாங்க. நான் மறைக்கலை, ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கேன். அந்தக் காசு இப்பவும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. எங்க போகுதுங்கிறதைத்தான் மாத்தச் சொல்றேன். அதுல தப்பு இருக்குன்னு நீங்க சொன்னா, இல்லைன்னு என்னால சொல்ல முடியாது.”

வக்கீல் இரண்டாவது பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்தார். கடைசியில் எதிர்த்தே வாக்களித்தார். ஆனால் பின்பக்க அச்சு வேண்டாம், வியாபாரம் படுத்துவிடும் என்று மற்றவர்கள் சொன்னபோது, அதை எடுக்கவே கூடாது என்று மல்லுக்கு நின்றவரும் அவர்தான்.

யோசனை நிறைவேறியது. அக்கா எழுதியபடியே எல்லாம் நடக்கவில்லை. வருமானத்தில் பாதிதான் மருத்துவமனைக்கு என்று சட்டசபையில் குறைத்துவிட்டார்கள். வாய்ப்பு விவரம் எறும்பு எழுத்தில் அச்சானது. முதல் வருஷம் அவர் போட்ட மதிப்பீட்டில் முக்கால்வாசிதான் வசூலானது. நிலையான சம்பளம் வாங்கும் ஆட்களையே அதிகம் கேட்டுவிட்டேன், கணிப்புத் தவறு என்னுடையது என்று ஒரே பத்தியில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அடிக்கல்லுக்குப் பக்கத்தில் தூண்கள் எழும்பின.

டிரைவர் வாக்குத் தவறவில்லை. ஆனால் சீட்டு இல்லாமல் எல்லை ஊர்ப் பாதை அவருக்குத் தாங்கவில்லை. நாலே மாதத்தில் மனுக் கொடுத்து நகரப் பேருந்துக்கு மாறிக்கொண்டார். அந்த வண்டி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பொது மருத்துவமனையைத் தாண்டிப் போகும். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவுவதற்கு முன்பே செய்தி சொல்லிவிடுவார்: இன்றைக்கு மேல் தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள், இன்றைக்கு மேஸ்திரி வரவில்லை, இன்றைக்கு லிஃப்ட் பெட்டி வந்து இறங்கியது.

ஒரு நாள், “வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க” என்றார்.

“என்ன கலர்?”

“பச்சை.”

“பச்சையா? எந்தப் பச்சை?”

“மிலிட்டரி ஜீப்புப் பச்சை.”

“குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கா? யாருங்க அதை முடிவு பண்ணினது?” என்று கேட்டுக்கொண்டே கமா அக்கா பேனாவைத் தேடினார்.