பாஸ்வேர்டு யாருக்குச் சொந்தம்?

போன வாரம் ஆந்திராவில் சத்தியவேடு பக்கம் ஒரு தமிழ்க் கிராமத்துக்குப் போயிருந்தேன். வந்து சேர்ந்ததை வீட்டுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தால்... சிக்னலில் ஒரு கோடுகூட இல்லை!

"இங்க நின்னுக்கினு இருந்தா வராதுண்ணா. பஞ்சாயத்து ஆபீசுக்கு வா" என்றாள் கலைவாணி. என் சித்தப்பா மகள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம் — அத்தனை நாளும் சர்டிபிகேட் பீரோவில்தான் இருந்தது.

வழியில் அவள் சொன்னது இது.

பக்கத்திலிருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். ஆன்லைன் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாமாம் — நெட் இருக்கிறவர்கள்! இந்த ஊரில் நல்ல நெட் பஞ்சாயத்து அலுவலகத்தில் மட்டும்தான். பாஸ்வேர்டு செக்ரட்டரிக்கு மட்டும்தான் தெரியும்.

கிராம சபையில் கலைவாணி எழுந்தாள். அதுவரை அங்கே வாய் திறந்ததில்லை.

"ஆபீசுக்கு வந்த நெட்டு ஊருக்குன்னு வந்தது இல்லீங்களா சார்? எங்களுக்கும் குடுங்க."

செக்ரட்டரி தெலுங்குக்காரர். "அந்தரிக்கும்... எல்லாருக்கும் குடுத்தா ஸ்லோ ஆயிடும்மா" என்றார்.

"வராம இருக்கறதுக்கு அது மேலு சார்!"

கூட்டம் சிரித்தது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்காக இரண்டு பஸ் மாறி அலைந்த ஓர் அம்மா எழுந்தார். அப்புறம் இன்னொருவர். செக்ரட்டரி என்ன செய்வார்? தினமும் நாலிலிருந்து ஆறு வரை, ஆபீஸ் வராந்தாவில் யார் வேண்டுமானாலும் நெட் பார்க்கலாம் என்று முடிவானது.

தேர்வு ஐந்து மணிக்கு. வராந்தாவில் பத்துப் பதினைந்து பெண்கள், ஆளுக்கொரு போன். பாதித் தேர்வில் திரை அப்படியே நின்றுவிட்டது. நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நின்னுபோச்சு!"

பக்கத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மல்லிகா குரல் கொடுத்தாள். "எல்லாரும் நெட்ட ஆஃப் பண்ணுங்கடி! அவ எழுதி முடிக்கட்டும்."

ஒவ்வொரு போனாக அணைந்தது. திரை நகர்ந்தது. தேர்வு முடியும் வரை ஒருத்தியும் எழுந்து போகவில்லை... பேசவும் இல்லை.

"கண்ணு கலங்கிப்போயி எழுத்தே தெரிலண்ணா. தொடச்சிக்கினே எழுதினேன்."

பாஸாகிவிட்டாள். இரண்டு மாதமாக கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறாள்.

ஊருக்குள் நெட் கேபிள் வருவது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த தேர்வுக்கு ஐந்து பெண்கள் தயாராகிறார்கள். இன்னொரு கனெக்‌ஷன் வேண்டும் என்று செக்ரட்டரியே மேலே மனு அனுப்பியிருக்கிறார்.

கேட்டால் கிடைக்கும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது!