ஒண்ணுமில்லை என்று மூன்று விதமாகச் சொன்னேன்

1. ஸ்விட்ச் ஆன்

வெங்கட்ராமன் சாரின் காதில் பொருத்திய இம்ப்ளான்ட்டை முதன்முதலாக ஸ்விட்ச் ஆன் செய்தபோது அவர் என்னைத் திட்டினார். "என்னம்மா, தகரத்துல ஆணி அடிக்கற மாதிரி பேசறேள்?" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி கமலா மாமி அழுதுவிட்டார். எட்டு மாதமாக நோட்டில் எழுதிக் காட்டித்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நான் வாயால் பேசியது அவர் காதில் விழுந்தது.

வங்காளத்தில், அலிப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆடியாலஜிஸ்ட். முப்பது வருஷமாக இதே வேலை. சார் மத்திய அரசு ஆபீஸில் ஓய்வு பெற்றவர், பெஹாலாவில் சொந்த ஃப்ளாட், பிள்ளைகள் வெளியூரில். ஏதோ தொற்றுக்குப் போட்ட ஊசிமருந்து இரண்டு காதையும் வாங்கிவிட்டது. உள்காதில் எலக்ட்ரோடு வைப்பது சர்ஜன் வேலை. எந்த எலக்ட்ரோடுக்கு எவ்வளவு கரண்ட் என்று பார்த்துப் பார்த்து வைக்கும் மேப்பிங் என் வேலை.

சார் மூன்றே மாதத்தில் தேறினார். அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு தமிழ் வேர்ட் லிஸ்ட் படிப்பேன். இருபதில் பதினெட்டைப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். வங்காளி லிஸ்ட்டிலும் அப்படியே. மற்ற பேஷன்ட்டுகளிடம் அவரைக் காட்டி நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

2. காலியாக விட்ட கட்டம்

ஃபாரத்தில் பிட்ச் டெஸ்ட் என்று ஒரு பகுதி. இரண்டு ஒலிகளில் எது மேலே, எது கீழே என்று சொல்லவேண்டும். சாருக்கு வரவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

அதில் அதிசயம் இல்லை. நல்ல காதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய செல்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. இந்த மெஷினில் இருப்பது இருபது சொச்சம் எலக்ட்ரோடு. ஆர்மோனியத்தை முழங்கையால் அமுக்கினால் எந்தக் கட்டை என்று தெரியாது அல்லவா, அந்தக் கதை. சொல்லைப் புரிந்துகொள்ள அது போதும். பாட்டுக்குப் போதாது.

"பாட்டு சரியா கேக்காது சார்" என்றேன்.

"நான் என்ன கச்சேரியா பண்ணப்போறேன்? எனக்கு இவ பேசறது கேட்டாப் போதும்" என்று சிரித்தார். மாமியும் சிரித்தார். வெளியே அடுத்த பேஷன்ட் காத்திருந்தார். கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே 'எக்ஸலன்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஆண்டு ஒரு நாள் சார் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் தனியாக வந்தார். மொட்டைத் தலை. மாமி போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

உட்கார்ந்ததும் தானே சொன்னார். "அன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. ஹால்ல பேப்பர் பாத்துண்டிருந்தேன். உள்ள பாத்திரம் விழுந்தது. 'என்ன ஆச்சு'ன்னேன். 'ஒண்ணுமில்லை'ன்னா. தெளிவா கேட்டுது. மூஞ்சியைப் பாக்காமலேயே கேட்டுதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம், அம்மா."

அதே மூச்சில் மேலே சொன்னார்.

"உடனே எதிர் ஃப்ளாட் வங்காளிப் பொண்ணு, பௌதின்னு கூப்பிடுவோம், பெல் அடிச்சா. கதவைத் திறந்தா, 'தீதிர் கீ ஹொயேச்சே', அக்காவுக்கு என்ன ஆச்சுங்கறா. அவளுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. மாடிப்படியிலேர்ந்து இவ குரலைக் கேட்டே ஓடி வந்திருக்கா. நான் 'கிச்சு ஹொய்னி', ஒண்ணும் ஆகலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சுக் காப்பிக்குப் போனேன். தரையில கிடந்தா. ஹார்ட்."

அவர் என் மேஜையில் இருந்த அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிக் காட்டுங்கோ."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் செய்தேன். வாயை மறைத்துக்கொண்டு, ஒரே சத்தத்தில், ஒரு முறை சாதாரணமாகச் சொன்னேன். ஒரு முறை எரிச்சலோடு. ஒரு முறை மூச்சுமுட்டி வலிக்கிற குரலில்.

"மூணும் ஒண்ணுதான்" என்றார். "வித்தியாசமா சொன்னேளா?"

"ஆமாம் சார்."

"இது இப்படித்தான்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தெரியும். பாட்டுக்கு மட்டும் சொன்னேன். பேச்சுக்கும் அதுதான்னு சொல்லலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். "நேத்து அந்த பௌதிட்ட, அன்னிக்கு அவ எப்படிச் சொன்னாளோ அதே மாதிரி சொல்லிக் காட்டுன்னேன்" என்றார். "பாவம், அழுதுண்டே சொல்லிக் காட்டினா. எனக்குச் சாதாரணமாத்தான் கேட்டுது."

4. இப்போது செய்வது

சொல்லின் அர்த்தம் ஒரு வழியாக வருகிறது, சொல்கிறவரின் நிலைமை பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கத்தில் வருகிறது. படிக்கும்போதே மனப்பாடம் செய்த விஷயம் இது. பாட்டுக்காரர்களின் கவலை என்று நானே ஒதுக்கி வைத்திருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஸ்கோரைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

இப்போதெல்லாம் வீட்டாரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அந்த டெஸ்ட்டைச் செய்கிறேன். அழுகிற குரலில் 'நன்றாக இருக்கிறேன்' என்பேன். பேஷன்ட் சந்தோஷமாகத் தலையாட்டுவார். வீட்டாரின் முகம் மாறும். அதன் பிறகு அவர்களிடம் சொல்வேன்: "வலிச்சா வலிக்கறதுன்னு சொல்லுங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னா இவர் அதை அப்படியே நம்பிடுவார்."

இதைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆவதில்லை. கட்டத்தைக் காலியாக விட்ட அன்று கமலா மாமி என் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.